அவள் கையை ஆட்டவில்லை

அன்புள்ள மகன் தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் அடுத்த ரயில் கோச்சியில் ஏறி வந்து நிற்பாய். ஆகையால் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன். உன் ஐயா கண்மூடி இன்றைக்கு ஐம்பத்தாறு நாள். உலையில் அரிசி போடும்போது கை தானாக இரண்டு பேருக்கு அள்ளுகிறது. பிறகு ஒரு பிடியைத் திருப்பிப் பெட்டியில் போடுகிறேன். உலகச் சண்டை முடிந்தும் கூப்பன் அரிசிதான். அதில் கல் பொறுக்கவே காலை போய்விடுகிறது. அது ஒருவகையில் நல்லது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று தரம் வாசித்தேன். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு முஸ்லிம் ஊரில் உனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததும், அங்கே மீனும் காற்றும் நல்லாய் இருப்பதும் சந்தோஷம். ஆனால் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: பிள்ளைகள் விடிய எழும்பிப் பள்ளிவாசலில் ஓதப் போகிறார்களாம், அது முடிந்து ஒன்பது மணிக்குப் பிறகுதான் ஒவ்வொருவராக வந்து சேருகிறார்களாம், வருகிற முதலாம் திகதியிலிருந்து எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வாசல் படலையைப் பூட்டிவிடப் போகிறாயாம். 'இரண்டு கிழமை வெயிலில் வெளியே நின்றால் தாய்தகப்பனுக்குப் புத்தி வரும். ஐயா இருந்தால் பெருமைப்படுவார்' என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஐயா பெருமைப்பட மாட்டார், தம்பி. அதை உனக்கு விளங்கப்படுத்த வேண்டுமென்றால், அவருக்கே நான் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பயிற்சிக் கல்லூரியில் படித்துத் தேறிய உனக்குப் பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லித்தர வரவில்லை. நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன். ஒரு பிள்ளையின் கையில் கட்டியிருந்த விரதக் காப்பை நான் கத்தரிக்கோலால் வெட்டினேன். பிறகு, அவள் கையை ஆட்டியதால் தவறி வெட்டுப்பட்டது என்று ஊருக்குச் சொன்னேன். அவள் கையை ஆட்டவில்லை. இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்கத் தேவையில்லை. உன்னோடு படிப்பிக்கிற யாரும் கேட்டால் வாசித்துக் காட்டு.

அப்போது உனக்கு நாலு வயது. இங்கே நீர்வேலிப் பக்கத்தில் நாங்கள் முந்திக் குடியிருந்த மிஷன் பள்ளிக்கூடம் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும்: ஒரே ஒரு மண்டபம், பின்னால் கிணறு, சுற்றிவர வாழைத் தோட்டம். ஐயா தலைமை ஆசிரியர், ஊர்வாயில் சட்டம்பியார். சனங்கள் என்னைச் சட்டம்பியாரம்மா என்பார்கள். கிழமையில் இரண்டு காலை பெட்டைப்பிள்ளைகளுக்குத் தையலும், துணி ஓரத்துக்கு ரேந்தை பின்னுவதும் நான் பழக்கினேன். அதனால் பிள்ளைகளுக்கு நான் ரீச்சர். அந்தப் பெயர் எனக்குப் பெரிய பெருமை. பள்ளிக்கூடத்தில் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர் என்று எங்களைத் தவிர இரண்டோ மூன்றோதான். மற்ற எல்லாரும் சைவத் தோட்டக்காரரின் பிள்ளைகள். திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள், வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தின்னமாட்டார்கள், எங்கள் வீட்டுக் குடத்தில் தண்ணீர் குடிக்க ஆளை ஆள் பார்ப்பார்கள். ஐயா இதையெல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். எனக்கு அப்படி முடியாது. அதற்கொரு காரணம் இருந்தது.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோதுதான் என் தகப்பன், அப்பு, வேதத்துக்கு வந்தார். அதற்கு முந்திய வருடம் வரை என் அம்மா கௌரி விரதம் பிடித்தவர். புருஷனுடைய உயிருக்காக இருபத்தொரு நாள் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்து, கடைசி நாள் கோயிலில் இருபத்தொரு இழை மஞ்சள் நூலை இடக்கையில் கட்டிக்கொள்வார்கள். அடுத்த வருடம் புதிது கட்டுமட்டும் அதைக் கழற்றக் கூடாது. ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் அம்மா அந்தக் காப்பை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தார். ஒரு காலைநேரம் முழுவதும் எடுத்தது. கத்தரிக்கோல் வீட்டில் இருந்தது, ஆனால் அதை எடுக்கவில்லை. அவிழ்த்த நூலைக் கிணற்றடிச் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே வைத்துவிட்டு வந்து, அப்புவுக்கு ஒன்றும் நடக்காது, நடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகையால் அந்த நூல் என்னவென்று எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. தெரிந்தபடியால்தான் அதைக் காண எனக்கு எரிச்சல் வந்தது. வேறு யாராவது புதிதாகப் பார்த்திருந்தால் என்ன நூல் பிள்ளை இது என்று கேட்டிருப்பார்கள்.

சிவக்கொழுந்து என்று ஒரு பிள்ளை. பதினொரு வயது. அவளுடைய தகப்பன் முருகேசு வாழைத் தோட்டம் செய்தவர். அந்த ஐப்பசியில் அவருக்கு நெருப்புக் காய்ச்சல், பாயோடு கிடந்தார். தாய் தெய்வானை விரதம் பிடித்தார். தாயோடு சேர்ந்து அவளும் பிடித்தாள். பதினொரு வயதுப் பிள்ளை, இருபத்தொரு நாள் ஒரு நேரச் சாப்பாடு. அவள் தையல் வகுப்பில் கண் இருண்டு ஒருநாள் சுவரில் சாய்ந்தாள். 'பட்டினி கிடந்தால் கொப்பருக்குக் காய்ச்சல் மாறுமோ? டாக்குத்தரிட்டைக் கொண்டு போகச் சொல்லு' என்றேன். 'கொண்டு போனவை ரீச்சர். மருந்தும் குடிக்கிறார். நாங்கள் எங்கடை பங்கைச் செய்யிறம்' என்றாள். பெரிய மனுசி மாதிரிச் சொன்ன அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

காப்புக் கட்டி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மிஷன் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டு வருகிற வெள்ளைக்கார மிஸியம்மா எங்கள் தையல் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. முதல் தரம் வந்தபோது பிள்ளைகளுடைய நெற்றியையெல்லாம் பார்த்துவிட்டு, 'உங்களுக்கு இன்னும் நிறைய வேலை இருக்கிறது' என்று என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னவர். கெட்ட எண்ணத்தோடு சொன்னாரோ என்னவோ, எனக்கு அது ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது. அன்றைக்கு மற்றப் பிள்ளைகள் வருமுன்னம் வந்து, அவருக்குக் காட்டவென்று வைத்திருந்த தலையணை உறையில் ரேந்தை பொருத்திக்கொண்டிருந்தவள் சிவக்கொழுந்துதான். வகுப்பிலேயே அவளுடைய கைதான் சுத்தம். அன்று விடிய மழை. நனைந்து வந்தவளுடைய காப்பிலிருந்து மஞ்சள் இறங்கி, வெள்ளைத் துணியில் ஒரு விரல் நீளத்துக்குக் கறை பட்டிருந்தது.

அதைக் கண்டதும் என் உச்சி கொதித்தது. ஆனால், தம்பி, துணிக்காக வெட்டினேன் என்று நான் சொன்னால் அதுவும் பொய். கறையை மடிப்புக்குள் மறைத்திருக்கலாம். கையில் ஒரு துணியைச் சுற்றித் தைக்கச் சொல்லியிருக்கலாம். அந்தக் கையில் அந்த நூலோடு அந்தப் பிள்ளையை மிஸியம்மா காணக்கூடாது, இவ்வளவு நாள் நீ என்ன படிப்பித்தாய் என்று என்னைப் பார்க்கக்கூடாது, அதுதான் எனக்கு. 'கையை நீட்டு' என்றேன். ஊசி குத்தினதைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்து நம்பி நீட்டினாள். வெட்டினேன். அசையாமல் இருந்தாள், தம்பி. கல்லு மாதிரி இருந்தாள். நூல் பாயில் விழுந்தது. அதை வெட்டுத் துணிகளோடு கூட்டிக் கூடைக்குள் போட்டுவிட்டு, 'இப்ப தை' என்றேன். அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மிஸியம்மா வந்தார், பார்த்தார், ரேந்தையைப் புகழ்ந்தார், போனார். அவரைப் படலை மட்டும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் சிவக்கொழுந்துடைய இடம் வெறுமையாய் இருந்தது.

மத்தியானம் அவளுடைய தாய் ஆள் அனுப்பினார், பிள்ளை இன்னும் சாப்பிட வரவில்லையே என்று. ஐயாவுடைய முகம் மாறிவிட்டது. இங்கே ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் எங்கே பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஒரு கிணறு. அரைமணிக்குள் ஊர் கூடிவிட்டது. அவளுடைய தாய்மாமன் கொக்கத்தடியோடு வந்து ஒவ்வொரு கிணறாக விட்டுக் கலக்கினான். தடி எதிலாவது தட்டுப்படும்போதெல்லாம் பெண்கள் குழறி அழுதார்கள். எங்கள் பள்ளிக்கூடக் கிணற்றில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னார். ஐயா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் துலாக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். நீ என் இடுப்பில் இருந்துகொண்டு 'ஐயா, ஐயா' என்று கத்தினாய். அவளுக்கு என்ன நடந்தது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

தாய்மாமன் என்னைப் பார்த்துக் கேட்டான்: 'சட்டம்பியாரம்மா, பெட்டைக்கு ஏதும் அடிகிடி போட்டனீங்களோ?'

'இல்லை.'

'ஏச்சுப் பேச்சு?'

'இல்லையெண்டு சொல்லுறன் தானே.'

அப்போதுதான் எனக்கு நூல் கிடந்த கூடையின் நினைவு வந்தது. உன்னைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், அதைக் கொட்டுகிற குப்பைக் கிடங்குப் பக்கம் போனேன். அங்கே விறகு அடுக்குகிற ஒத்தாப்புக் கொட்டில் ஒன்று. அதற்குள் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, துணித் துண்டுகளுக்கு நடுவில் அவள் குந்தியிருந்தாள். மடியில் அந்த நூல். கையில் பள்ளிக்கூட ஊசி.

'என்ன செய்யிறாய்?'

'பொருத்துறன் ரீச்சர்.' அவள் தலையை நிமிர்த்தவில்லை. 'முடிச்சுத் தெரியாமல் இழை பொருத்த நீங்கள்தானே காட்டித் தந்தனீங்கள். ஒன்பது முடிஞ்சுது. இன்னும் பன்னிரண்டு கிடக்கு. முடிச்சுத் தெரிஞ்சால் அம்மா கண்டுபிடிச்சிடுவா.'

'வெளியாலை வா. உன்னைக் கிணறு கிணறாத் தேடுகினம்.'

'கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர். இதில்லாமல் வீட்டை போனால் அப்பு செத்துப்போவார்.'

அந்தச் சொல்லைக் கேட்டபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பதினேழு வருடமாக யோசிக்கிறேன். பக்கத்தில் இருந்து மிச்சப் பன்னிரண்டு இழையையும் பொருத்திக் கொடுத்திருக்கலாம். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், தாயிடம் நான் வெட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் முன்னால் தாய்மாமன் வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் ஊரே வந்து நின்றது. ஐயா கிணற்றிலிருந்து ஏறி, தண்ணீர் வடிய வடிய ஓடிவந்தார். மாமன் நூலைக் கண்டான்.

'ஆர் வெட்டினது இதை?'

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஐயாவும் பார்த்தார். 'தவறிப் பட்டிட்டுது' என்றேன். 'துணி வெட்டேக்கை... பிள்ளை கையை ஆட்டிப்போட்டாள்.'

அந்தக் கடைசிச் சொல்லை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகப் போட்டேன். தவறிப் பட்டது என்றால் என் கையின் பிழை. அவள் ஆட்டினாள் என்றால் அதுகூட இல்லை. மாமன் அவள் பக்கம் திரும்பினான். 'உண்மையோடி?' அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். 'ஓம் மாமா' என்றாள். 'நான்தான் ஆட்டினனான்.' ரீச்சரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாளோ, ரீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் நினைத்தாளோ.

அன்று பின்னேரம் ஐயா கேட்டார்: 'உண்மையைச் சொல்லும். தவறித்தான் பட்டதோ?' 'ஓம்' என்றேன். அவர் நம்பினார். அடுத்த நாள் காலையில் தனியாகத் தெய்வானையின் வீட்டுக்குப் போய், முற்றத்தில் நின்று, 'என்ரை மனுசி வேணுமெண்டு செய்யேல்லை. தவறிப் பட்டது. இது என்ரை வாக்கு' என்று சொல்லிவிட்டு வந்தார். சட்டம்பியார் பொய் சொல்லமாட்டார் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தை ஒருவரும் விட்டுப்போகவில்லை. எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை.

பதினோராம் நாள் முருகேசு செத்துப்போனார். நெருப்புக் காய்ச்சலில் அந்த வருடம் அந்த ஒழுங்கையில் வேறு வீடுகளிலும் ஆட்கள் செத்தார்கள். ஆனால் செத்த வீட்டில் அதை யார் நினைப்பார்கள்? நானும் ஐயாவும் போனோம். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். நடுவில் தெய்வானை தலையிலடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார். வளர்த்ததைச் சொல்லி, வாழ்ந்ததைச் சொல்லி வந்தவர், திடீரென்று 'என்ரை ராசா, நான் கட்டின காப்பை நீ பெத்த பெட்டை ஆட்டி அறுத்தாளே' என்று தொடங்கினார். பிறகு சுற்றியிருந்த அத்தனை பெண்களும் அந்த வரியை வாங்கித் திருப்பிச் சொன்னார்கள். ஆட்டி அறுத்தாளே, ஆட்டி அறுத்தாளே என்று. சிவக்கொழுந்து மூலையில் சாக்குக்குப் பக்கத்தில் இருந்தாள். அழவில்லை. நான் வாசலில் நின்று கேட்டேன். என்னுடைய சொல் அது. நான் விட்ட சொல்லை ஊர் பாட்டாகப் பாடியது.

அவள் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. ஐயா மூன்று தரம் போய்க் கேட்டார். 'தேப்பனைத் திண்டவளுக்கு என்னத்துக்குப் படிப்பு' என்று தாய் அனுப்பவில்லை. கலியாணம் பேசி வந்தவர்களும் அதையே கேள்விப்பட்டுத் திரும்பினார்கள். இன்றைக்கு அவளுக்கு இருபத்தெட்டு வயது. அதே வீட்டில், அதே தாயோடு இருக்கிறாள். கறி உறைத்தாலும் மாடு கன்றை ஊட்டவிடாமல் உதைத்தாலும் தெய்வானை அந்தக் காப்பில்தான் கொண்டுபோய் முடிப்பாராம். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஐயா அந்த வருடக் கடைசியில் நெல்லியடிச் சந்தைக்குப் போனவர் ஒரு பஞ்சாங்கம் வாங்கிக்கொண்டு வந்தார். ஞாபகமிருக்கிறதா? பிறகு ஒவ்வொரு வருடமும் வாங்கினார். நீ கொஞ்சம் வளர்ந்த பிறகு, 'வேதக்காரற்றை வீட்டிலை என்னத்துக்கு ஐயா பஞ்சாங்கம், நல்ல நேரம் பார்த்தோ ஜெபம் பண்ணப் போறியள்?' என்று பகிடி பண்ணினாய். அவரும் சிரித்தார். 'எந்தப் பிள்ளை எண்டைக்குப் பசியோடை வந்து இருக்குதெண்டு எனக்குத் தெரியவேணும் மோனை' என்றார். விரத நாட்களில் அவர் கணக்குப் பரீட்சை வைக்கமாட்டார். தேர் நாளில் வராத பிள்ளையை அடுத்த நாள் ஏன் வரவில்லை என்று கேட்காமல், சுவாமி எப்படி வந்தது என்று கேட்பார். இதற்காக அவருக்கு மேலிடத்தில் கெட்ட பெயர். சட்டம்பியார் சைவமாகிவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு ஞாயிறுகூட எங்கள் வேதக்கோயிலுக்குப் போகாமல் விட்டவரில்லை அவர். என் பொய்யை நம்பி, 'நாங்கள் அறியாமல் செய்த பிழை' என்று நினைத்து, இனி அறிந்து நடக்க வேண்டும் என்று பஞ்சாங்கம் வாங்கினார், தம்பி. அறிந்துதான் செய்த நான் பக்கத்தில் இருந்து அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளைகள் விளையாடிவிட்டுப் பிந்தி வருகிறார்கள் என்று நீ எழுதவில்லை. ஓதிவிட்டு வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பூட்டப்போகிறாய். அதுதான் எனக்குப் பயம். அவர்களுக்கு ஓதிக்கொடுக்கிற லெப்பையை நீ போய்க் கண்டாயா? எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அரைமணி முந்தித் தொடங்க முடியுமா, நீ அரைமணி பிந்தித் தொடங்க முடியுமா என்று கேட்டாயா? ஒருநாள் விடிய எழும்பிப் போய், செருப்பைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் என்ன சத்தத்தில் ஓதுகிறார்கள் என்று நின்று கேட்டாயா? உன் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அங்கே எப்படி வாய் திறக்கிறது என்று பார். பார்த்த பிறகும் பூட்டத்தான் வேண்டும் என்றால் நீ பெரியவன், உன் பள்ளிக்கூடம். ஆனால் பூட்டின பிறகு, வெயிலில் நின்ற ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால், 'நான் பூட்டினேன்' என்று சொல். பிள்ளை பிந்தி வந்தது என்று சொல்லாதே. நான் உன்னிடம் கேட்பது அவ்வளவுதான். முதலாம் திகதிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

இவ்வளவும் வெள்ளிக்கிழமை எழுதி மடித்து வைத்தேன். தபாலில் போடப் போகவில்லை. உன் ஐயாவின் செத்த வீட்டுக்குத் தெய்வானை வந்திருந்தார். நீ ஆண்களோடு நின்றபடியால் கண்டிருக்க மாட்டாய். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, 'பொய் சொல்லாத மனிசன்' என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. மன்னாருக்குப் போகிற கடிதத்தில் உண்மையை எழுதிவிட்டு, இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறவளிடம் சொல்லாமல் இருந்தால் அது என்ன உண்மை? சனிக்கிழமை காலையில் போனேன்.

தெய்வானை முற்றத்தில் இருந்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். சிவக்கொழுந்து கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

'வாருங்கோ சட்டம்பியாரம்மா. இருங்கோ. நல்லா மெலிஞ்சுபோனியள்.'

நான் இருக்கவில்லை. இருந்தால் வேறு கதை கதைக்கத் தொடங்கிவிடுவேன் என்று தெரியும். 'அக்கா, கொழுந்தின்ரை காப்பு தவறிப் பட்டு அறுந்ததில்லை. நான் வெட்டினனான். என்னெண்டு தெரிஞ்சுதான் வெட்டினனான். அவள் கையை ஆட்டேல்லை.'

வெங்காயத் தாளோடு அவர் கை அப்படியே நின்றது. 'எந்தக் காப்பு?' என்றார். எது என்று அவருக்கா தெரியாது?

'அவளின்ரை அப்புவுக்காகக் கட்டினது.'

'உம்மடை மனிசன் இதிலை நிண்டு எனக்கு வாக்குத் தந்தவர்.'

'அவருக்கும் நான் பொய்தான் சொன்னனான்.'

கிணற்றடியில் துலா நின்றுவிட்டது. தெய்வானை அந்தப் பக்கம் திரும்பினார். 'எடியே, நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?'

'சொன்னனான்.' சிவக்கொழுந்து வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள். 'அப்பு செத்து மூண்டாம் நாள். ரீச்சரிலை பழி போடுறியோ எண்டு வாயிலை அடிச்சனி. அதுக்குப் பேந்து நான் சொல்லேல்லை.'

தெய்வானை எழும்பினார். வெங்காயப் பெட்டி சிதறியது. 'போ வெளியாலை! என்ரை முற்றத்திலை நில்லாதை! பதினேழு வருஷம், எடி பதினேழு வருஷம் என்ரை பிள்ளையை நான் திண்டு துப்பினன்! ஒரு மாப்பிள்ளை படியேறினானோ? ஒரு நல்ல சீலை உடுத்தாளோ? நீ ரேந்தை பின்னிக்கொண்டு இருந்தாய்!' என்னென்ன சொல்லலாமோ அத்தனையும் சொன்னார். வேலிக்கு மேலால் எத்தனை தலை. சொல்லி முடியும் மட்டும் நின்றேன். பிறகு படலைப் பக்கம் நடந்தேன். சிவக்கொழுந்து பின்னால் வந்தாள்.

'உன்னட்டை மன்னிப்புக் கேக்க நான் வரேல்லை' என்றேன்.

'கேளாதேங்கோ' என்றாள். 'நாளைக்கும் வாருங்கோ ரீச்சர். அம்மா நாளைக்கும் பேசுவா, நாளையிண்டைக்கும் பேசுவா. வந்து பேச்சு வாங்குங்கோ. இவ்வளவு நாளும் நான் தனிய வாங்கினனான்.'

நேற்று ஞாயிறு, கோயில் முடிந்து அப்படியே போனேன். தெய்வானை பேசினார். இன்றைக்குக் காலையும் போனேன். இன்றைக்கு அவர் என்னைக் கண்டதும் எழும்பி அடுப்படிக்குள் போய்விட்டார். திரும்பலாமோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்போது சிவக்கொழுந்து பேசத் தொடங்கினாள். பதினொரு வயதிலிருந்து தொடங்கினாள். மத்தியானம் வரை பேசியும் அவளுடைய பதின்மூன்றாம் வயது முடியவில்லை. நான் நின்றுகொண்டு கேட்டேன். நாளைக்கும் போவேன்.

உன் அம்மா